வேகம் சரி, இணைப்பு எந்த வகை?

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு இரண்டு பிளான்கள் கிடைக்கின்றன. இரண்டிலும் 100 எம்பிபிஎஸ். ஒன்றின் பெயர் ‘ஹோம்’, மற்றதன் பெயர் ‘பிசினஸ்’. இரண்டாவதற்கு மூன்று மடங்கு கட்டணம். வீட்டில் ஒரு நாஸ் சேமிப்புப் பெட்டி வைத்திருக்கிறீர்கள். வெளியூரில் இருக்கும்போது அதிலுள்ள கோப்புகளைத் திறக்க வேண்டும். வித்தியாசம் என்ன என்று நிறுவனத்தில் கேட்டால் “ஸ்பீடு ஒன்றுதான், அது பிரீமியம்” என்பதற்கு மேல் பதில் வரவில்லை. இணைய சேவையை இன்ன வகை, இன்ன தரம் என்று பிரித்துச் சொல்லும் பொதுவான அளவுகோல் எதுவுமே கிடையாதா என்று கேட்டிருக்கிறீர்கள்.

இருக்கிறது. இருபது ஆண்டுகளாக இருக்கிறது. ஆனால் அதைப் பின்பற்றும்படி எந்த நிறுவனத்துக்கும் கட்டாயம் இல்லாததால் விளம்பரத் தாளில் அது கண்ணில் படுவதே இல்லை. நான் சேவை நிறுவனங்களின் நெட்வொர்க் பிரிவில் பதினெட்டு ஆண்டுகள் வேலை பார்த்தவன். பெரும்பாலும் கம்பி, ஃபைபர் இணைப்புகள். மொபைல் நெட்வொர்க்கின் உள்வேலையில் நேரடிப் பழக்கம் குறைவு, அதனால் அந்தப் பக்கம் அதிகம் போகமாட்டேன். இத்தனை ஆண்டுகளில் எனக்கு உறுதியாகப் பட்ட ஒன்று உண்டு. ஓர் இணைப்பு எந்த வகை என்பது வேறு, அது எவ்வளவு நன்றாக ஓடுகிறது என்பது வேறு. முதலாவது, அந்த இணைப்பை வைத்து உங்களால் என்னென்ன செய்ய முடியும் என்பது. இரண்டாவது, வேகம், தாமதம், அறுந்துபோகாமல் இருப்பது இதெல்லாம். விற்பவர்கள் இரண்டையும் ஒரே பெயருக்குள் போட்டுக் கலக்கிவிடுகிறார்கள். உங்கள் குழப்பம் அங்கிருந்துதான் வருகிறது.

வகையிலிருந்து தொடங்குவோம். இணையத்தின் தொழில்நுட்ப நெறிகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பு 2005 மே மாதத்தில் ஆர்எஃப்சி 4084 என்ற சிறிய ஆவணத்தை வெளியிட்டது. எழுதியவர் ஜான் கிளென்சின். இன்று மின்னஞ்சல் எந்த நெறிமுறையில் ஓடுகிறதோ அந்த எஸ்எம்டிபியின் ஆவணங்களைத் தொகுத்தவர். ‘இணைய இணைப்பு’ என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு ஆளுக்கு ஒரு பொருளை விற்கிறார்கள், வாங்குபவர் காசு கட்டிய பிறகுதான் எது கிடைத்தது என்று தெரிந்துகொள்கிறார் என்ற கவலையிலிருந்து பிறந்தது அது. எது நல்லது, எது கெட்டது என்று அது தீர்ப்புச் சொல்லவில்லை. ஐந்து வகைகளுக்குப் பெயர் வைத்து, எதை விற்கிறீர்களோ அதன் பெயரைச் சொல்லி விற்றுவிடுங்கள் என்று கேட்டது. அவ்வளவுதான்.

அந்த ஐந்தில் அடித்தட்டில் இருப்பது வலை இணைப்பு. பிரௌசரில் பக்கங்களைப் பார்க்கலாம், அதோடு தொடர்புள்ள சில வேலைகளைச் செய்யலாம். மற்ற நெறிமுறைகள் பெரும்பாலும் போகாது, விபிஎன் (இணையத்துக்குள் போடும் மறையாக்கிய தனிப்பாதை) அனேகமாக வேலை செய்யாது, உங்கள் சார்பில் பக்கங்களைக் கேட்டு வாங்கித் தரும் பிராக்ஸி என்ற இடையாள் நடுவில் உட்கார்ந்திருக்கும். விடுதிகள், விமானங்கள் தரும் வைஃபை பலவும் இந்த ரகம். அடுத்தது, பொது முகவரி இல்லாத கிளையன்ட் இணைப்பு; கிளையன்ட் என்றால் சேவையைக் கேட்டுப் பெறும் பக்கம். நீங்கள் வெளியே யாரையும் தொடர்புகொள்ளலாம், ஆனால் வெளியிலிருந்து உங்களைத் தேடி யாரும் வர முடியாது, ஏனென்றால் உங்களுக்கென்று வெளியே தெரிகிற முகவரி, அதாவது இணையத்தில் உங்களைக் கண்டுபிடிக்கும் ஐபி எண், கிடையாது. மூன்றாவது, பொது முகவரி உள்ள கிளையன்ட் இணைப்பு. பப்ளிக் ஐபி கிடைக்கும். அது மாறக்கூடியது, ஆனால் சில சமயம் மாதக்கணக்கில் மாறாமலும் இருக்கும். விபிஎன் பெரும்பாலும் ஓடும். சர்வர் (பிறர் கேட்பதைக் கொடுக்கும் கணினி) வைக்கக் கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பார்கள், அல்லது உள்ளே வரும் இணைப்புகளை வடிகட்டியிருப்பார்கள்.

நான்காவது, ஃபயர்வாலுக்குப் பின்னால் உள்ள இணைப்பு. நிலையான பொது முகவரி உண்டு, சர்வரும் வைக்கலாம், ஆனால் எதை விடுவது, எதைத் தடுப்பது என்று வடிகட்டும் ஒரு ஃபயர்வால், நிறுவனம் பராமரிப்பது, நடுவில் நிற்கும். வழக்கமாக வாடிக்கையாளரே கேட்டு, கூடுதல் கட்டணம் கொடுத்து வாங்குவது. எதையெதைத் தடுக்கிறோம் என்று நிறுவனம் சொல்லியாக வேண்டும் என்பது இதில் முக்கியம். ஐந்தாவது முழு இணைய இணைப்பு. நிலையான பொது முகவரி, அல்லது சர்வர் வைக்கும் அளவுக்கு நீண்ட நாள் நிற்கும் முகவரி. முகவரி மாற்றும் நாட் கிடையாது, நடுவில் பிராக்ஸி கிடையாது, உள்ளே வரும் போர்ட்டுகளுக்கும் வெளியே போகும் போர்ட்டுகளுக்கும் (போர்ட் என்பது ஒரு முகவரியில் உள்ள எண்ணிட்ட வாசல்) நிறுவனம் போட்ட தடை கிடையாது. அனுமதிக்கப்பட்ட கட்டுப்பாடுகள் இரண்டே இரண்டு: இவ்வளவு வேகம் என்ற வரம்பும், சட்டவிரோதமான அல்லது பிறரைப் பாதிக்கும் பயன்பாட்டுக்கான தடையும். கவனியுங்கள், இந்த ஐந்து வகையிலும் எந்த இடத்திலும் எம்பிபிஎஸ் கணக்கு வரவில்லை. 2 எம்பிபிஎஸ் இணைப்பு முழு இணைய இணைப்பாக இருக்கலாம். 1,000 எம்பிபிஎஸ் இணைப்பு இரண்டாம் வகையாக இருக்கலாம். நான் இரண்டையும் கையால் அமைத்துக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது வீடுகளுக்குப் போகும் இணைப்புகளில் இரண்டாம் வகை ஏன் இவ்வளவு பெருகிவிட்டது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், உங்கள் பிரச்சினை அங்கேதான் இருக்கிறது. இணைய முகவரிகளின் பழைய முறையான ஐபிவி4-இல் ஒரு முகவரி 32 பிட் நீளம். மொத்தம் சுமார் 429 கோடி முகவரிகள், அதிலும் ஒரு பகுதி வேறு வேலைகளுக்கு ஒதுக்கப்பட்டது. உலகப் பொதுக் கையிருப்பு 2011 பிப்ரவரி 3 அன்று தீர்ந்துபோனது. அதற்குப் பிறகு புதிதாகத் தொழிலுக்கு வந்தவர்களும் வேகமாக வளர்ந்தவர்களும் ஒரு முகவரியைப் பலருக்குப் பகிர்ந்து கொடுக்கத் தொடங்கினார்கள். உங்கள் வீட்டு ரவுட்டர் ஏற்கெனவே ஒரு நாட் செய்கிறது. வீட்டிலுள்ள பத்துக் கருவிகள் ஒரே முகவரியில் வெளியே போகின்றன. நிறுவனம் தன் பக்கத்தில் இன்னொரு பெரிய நாட் வைக்கிறது. இதைத் தொழிலில் சிஜிநாட் என்போம். ஒரு முகவரிக்கு 65,536 போர்ட்டுகள் உண்டு. வீட்டுக்கு 1,000 என்று பிரித்துக் கொடுத்தால் ஒரே முகவரிக்குப் பின்னால் அறுபதுக்கும் மேற்பட்ட வீடுகள் உட்கார்ந்துவிடலாம். இந்த ஏற்பாட்டுக்காகவே 2012-இல் 100.64.0.0 முதல் 100.127.255.255 வரை ஒரு முகவரித் தொகுதி தனியாக ஒதுக்கப்பட்டது.

அதனால் உங்கள் இணைப்பு இரண்டாம் வகையா, மூன்றாம் வகையா என்று நீங்களே ஐந்து நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். ரவுட்டரின் நிர்வாகப் பக்கத்தைத் திறந்து, ‘வேன்’ (WAN) அல்லது ‘இன்டர்நெட்’ (Internet) என்ற தலைப்பில் உள்ள முகவரியைப் பாருங்கள். அதன் முதல் புள்ளிக்கு முன் உள்ள எண் 10-ஆக இருந்தால், அது 192.168 என்று தொடங்கினால், 172.16 முதல் 172.31 வரைக்குள் இருந்தால், அல்லது நான் சொன்ன 100.64 முதல் 100.127 வரைக்குள் இருந்தால் அது பொது முகவரி இல்லை. வேறு மாதிரி இருந்தால், ‘என் ஐபி என்ன’ என்று காட்டும் ஏதாவது ஒரு தளத்தைத் திறந்து அங்கே தெரியும் எண்ணோடு ஒப்பிடுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பொது முகவரி உங்களிடம் இருக்கிறது. விபிஎன் ஓடிக்கொண்டிருக்கும்போது பார்க்காதீர்கள், தவறாகக் காட்டும். இதில் ஒரு வரம்பு உண்டு: பொது முகவரி இருக்கிறது என்று தெரிந்துவிட்டாலும், உள்ளே வரும் இணைப்புகளை நிறுவனம் வடிகட்டுகிறதா என்பதை இந்தச் சோதனை காட்டாது. அதற்கு ஒரு போர்ட்டைத் திறந்துவைத்து வெளியிலிருந்து தட்டிப் பார்க்க வேண்டும்.

நான் வேலை பார்த்த ஒரு நிறுவனத்தில் நடந்தது இன்றும் மனதை உறுத்துகிறது. முகவரி போதவில்லை என்று ஓர் இரவில் வீட்டு வாடிக்கையாளர்கள் அனைவரையும் சிஜிநாட்டுக்குப் பின்னால் மாற்றினோம். மறுநாள் வேகம் துளியும் குறையவில்லை, எல்லா அளவீடும் பச்சை. யாருக்கும் முன்னறிவிப்புக் கொடுக்கவில்லை, ஏனென்றால் யாருக்கும் எதுவும் மாறாது என்று உண்மையாகவே நம்பினோம். மூன்றாம் நாளிலிருந்து அழைப்புகள் வந்தன. அலுவலகக் கணக்கு சர்வரை வீட்டில் வைத்திருந்த ஒருவருக்கு ஊழியர்கள் யாரும் உள்ளே நுழைய முடியவில்லை. தனியாக இருக்கும் அப்பாவின் வீட்டுக் கேமராவைத் தினமும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணுக்குத் திரை இருண்டுபோனது. உதவி மையம் இருவருக்கும் ஒரே பதிலைச் சொன்னது: “ஸ்பீடு டெஸ்ட் போட்டுப் பாருங்கள், 50 வருகிறதா? அப்போது எங்கள் பக்கம் சரிதான்.” அந்தப் பதிலில் பொய் எதுவும் இல்லை. ஆனால் நாங்கள் அவர்களை மூன்றாம் வகையிலிருந்து இரண்டாம் வகைக்கு இறக்கியிருந்தோம். அதைச் சொல்ல உதவி மையத்தில் இருந்தவர்களிடம் ஒரு சொல்லே இல்லை. கேட்டவர்களிடமும் இல்லை. வகைகளுக்குப் பொதுப் பெயர் வேண்டும் என்பதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்கு அந்த வாரம்தான் காரணம்.

சிஜிநாட் இரண்டாம்தர இணைப்பா என்று துறைக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. பெரும்பாலான வீடுகள் படம் பார்க்கின்றன, வீடியோ அழைப்பு பேசுகின்றன, வங்கி வேலை செய்கின்றன. அவர்களுக்கு எந்தக் குறையும் தெரியாது என்கிறது ஒரு தரப்பு. தெரியாமல் வரும் இணைப்புகள் உள்ளே நுழையாதது பாதுகாப்புதானே என்றும் கேட்கிறார்கள். முதல் பாதி பெரும்பாலும் உண்மை. இரண்டாம் பாதியை நான் ஏற்பதில்லை, நாட் என்பது முகவரிப் பஞ்சத்துக்குச் செய்த ஏற்பாடு. பாதுகாப்பு வேண்டுமென்றால் அதற்கு ஃபயர்வால் இருக்கிறது, அதன் சாவி உங்கள் கையில் இருக்க வேண்டும். இணையம் எந்த முனையிலிருந்தும் எந்த முனைக்கும் பேசும்படி வடிவமைக்கப்பட்டது. பார்ப்பவர், கொடுப்பவர் என்ற பிரிவு அதன் அடிப்படையில் இல்லை. ஒருவர் பார்ப்பவராக மட்டும் இருக்க விரும்பினால் அது அவர் விருப்பம், ஆனால் தெரிந்து தேர்ந்தெடுக்கட்டும்.

புதிய முகவரி முறையான ஐபிவி6 இந்தக் கணக்கையே மாற்றுகிறது. 128 பிட் முகவரி, பஞ்சம் என்ற பேச்சே கிடையாது, வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் தனிப் பொது முகவரி கொடுத்துவிடலாம். 2005 ஆவணம் ஐபிவி6 உண்டா இல்லையா என்பதைத் துணைக் கேள்வியாகத்தான் வைத்திருந்தது. இன்று எழுதினால் அது முதல் வரிக்கு வர வேண்டும் என்பது என் கருத்து. ஏனென்றால் ஒரே கம்பியில் ஐபிவி4 வழியாக இரண்டாம் வகையும், ஐபிவி6 வழியாகக் கிட்டத்தட்ட முழு இணைப்பும் ஒரே நேரத்தில் கிடைப்பது இப்போது சாதாரணம். ஒரே வீட்டுக்கு இரண்டு வகை! ஆனால் ஐபிவி6 இருக்கிறது என்பதாலேயே வெளியிலிருந்து உள்ளே வர முடியும் என்று எண்ணிவிடாதீர்கள். பல ரவுட்டர்கள் உள்ளே வருவதை இயல்பாகவே தடுத்து வைத்திருக்கும். அந்தத் தடையை நீங்கள் திறக்க முடியுமா, நிறுவனம் பூட்டி வைத்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வகையோடு ஒட்டிய இன்னும் சில துணைக் கேள்விகளும் உண்டு, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மின்னஞ்சல் சர்வர்கள் ஒன்றோடொன்று பேசும் 25-ஆம் போர்ட்டைப் பெரும்பாலான வீட்டு இணைப்புகளில் மூடிவிடுவார்கள். வைரஸ் பிடித்த கணினிகள் ஸ்பேம் அனுப்புவதைத் தடுக்க அது நியாயமான ஏற்பாடுதான். நீங்கள் அஞ்சல் அனுப்ப 587-ஆம் போர்ட் இருக்கிறது. தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றிச் சொல்லும் டிஎன்எஸ் சர்வராக நீங்கள் வேறொன்றைத் தேர்ந்தெடுத்தாலும் அந்தக் கேள்விகளை நடுவில் பிடித்து நிறுவனமே பதில் சொல்கிறதா என்பது இன்னொன்று. முகவரி நிலையானதா, எண்ணிலிருந்து பெயரைத் தேடும் ரிவர்ஸ் டிஎன்எஸ் பதிவை உங்கள் விருப்பப்படி மாற்றித் தருவார்களா என்பது சர்வர் வைப்பவர்களுக்கு மட்டும் தேவைப்படும்.

சரி, அடுத்து தரம். இங்கே எல்லோரும் வேகத்தில் தொடங்குவார்கள், நானும் அங்கிருந்தே வருகிறேன். 100 எம்பிபிஎஸ் என்பது நொடிக்கு 100 மெகாபிட். கோப்பின் அளவை நாம் பைட்டில் சொல்கிறோம், எட்டு பிட் சேர்ந்தது ஒரு பைட். எனவே நொடிக்கு 12.5 மெகாபைட். 1 ஜிபி கோப்பு இறங்க நல்ல நிலையில் 80 நொடி ஆகும். ஆனால் பிளானில் பெரிதாக அச்சிட்டிருப்பது பதிவிறக்க வேகம். பதிவேற்ற வேகம் 100-ஆக இருக்கலாம், 5-ஆகவும் இருக்கலாம். 5-ஆக இருந்தால் அதே கோப்பை மேலே அனுப்ப 27 நிமிடம். உங்களுக்கு இது வெறும் கணக்கு இல்லை. நாஸ் பெட்டி உங்கள் வீட்டில் இருக்கிறது, நீங்கள் வெளியூரில் இருந்து கோப்பைத் திறக்கும்போது அது வீட்டிலிருந்து வெளியே வர வேண்டும், அதாவது உங்கள் வீட்டுப் பதிவேற்ற வேகத்தில்தான் வரும். அடுத்து, ‘100 எம்பிபிஎஸ் வரை’ என்பதில் உள்ள ‘வரை’ என்ற சொல். அது உச்சத்தைச் சொல்கிறது, குறைந்தபட்சம் எவ்வளவு என்று சொல்வதில்லை. டேட்டா வரம்பும் அப்படித்தான். 1,000 ஜிபி என்றால் பெரிதாகத் தெரியும், 100 எம்பிபிஎஸ் முழு வேகத்தில் ஓடினால் 22 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். தீர்ந்த பிறகு என்ன வேகம் என்பதையும் பிளானின் தரமாகவே நான் எண்ணுவேன்.

மாலை நேரத்தில் வேகம் ஏன் விழுகிறது என்பதற்கு விடை பகிர்வில் இருக்கிறது. ஃபைபர் என்றாலே உங்களுக்கென்று தனிக் கம்பி என்று பலர் நினைக்கிறார்கள். வீடுகளுக்குப் பரவலாகப் போடப்படும் ஜிபான் முறையில் ஒரு ஃபைபர் இழையைப் பிரிப்பான் வைத்து 32 அல்லது 64 வீடுகளுக்குப் பகிர்வார்கள். இறக்கத்துக்கு மொத்தம் சுமார் 2.5 ஜிபிபிஎஸ், ஏற்றத்துக்கு அதில் பாதி. 32 வீடும் ஒரே நொடியில் முழுதாக இழுத்தால் தலைக்குச் சுமார் 78 எம்பிபிஎஸ்தான் வரும். நடைமுறையில் அப்படி எல்லோரும் ஒன்றாக இழுப்பதில்லை, அதனால் ஒவ்வொருவருக்கும் 100 என்று விற்பதில் தவறு இல்லை. இறுக்கம் பெரும்பாலும் அதற்கு மேலே, நிறுவனம் வெளி நெட்வொர்க்குகளோடு இணையும் இடத்தில்தான் வருகிறது. அங்கே எவ்வளவு வாங்கி வைத்திருக்கிறார்கள், எத்தனை பேருக்குப் பகிர்கிறார்கள் என்ற விகிதத்தை வெளியே சொல்லும் வழக்கம் அரிது. வெளியிலிருந்து அதைக் கணக்கிட உறுதியான வழியும் இல்லை. ஒரு வாரம் தினமும் இரவு ஒன்பது மணிக்கு ரவுட்டரோடு கம்பியால் இணைத்து அளந்து பார்த்தால் ஓரளவு ஊகிக்கலாம். வைஃபையில் அளந்தால் நீங்கள் அளப்பது வைஃபையை.

எனக்கு வேகத்தைவிட முக்கியமாகப் படுவது தாமதம். நீங்கள் ஒன்றைக் கேட்டுப் பதில் திரும்ப எத்தனை மில்லிநொடி என்பதே அது. வேகத்தைக் காசு கொடுத்துக் கூட்டலாம், தூரத்தைக் குறைக்க முடியாது. நிலநடுக்கோட்டுக்கு மேலே 35,786 கிலோமீட்டரில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாக இணைந்தால், கேள்வியும் பதிலும் போய்வர ஒளியின் வேகத்திலேயே கிட்டத்தட்ட அரை நொடி ஆகிவிடும். எத்தனை எம்பிபிஎஸ் கொடுத்தாலும் பேச்சு இடறும். சுமார் 550 கிலோமீட்டரில் சுற்றும் புதிய செயற்கைக்கோள்கள் அந்தச் சிக்கலைப் பெருமளவு தீர்த்தது வேகத்தால் அல்ல, உயரத்தால்தான். குரல் உரையாடலுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் நல்லது என்று ஐநாவின் தொலைத்தொடர்பு அமைப்பான ஐடியுவின் ஜி.114 பரிந்துரை சொல்கிறது. அதே அமைப்பின் ஒய்.1541 பரிந்துரையில் தரத்துக்கென்றே வகுப்புகள் இருக்கின்றன. வகுப்பு 0 என்றால் ஒருவழித் தாமதம் 100 மில்லிநொடி, தாமதத்தின் ஏற்ற இறக்கம் 50 மில்லிநொடி, தொலையும் பொட்டலம் (தகவல் துண்டு துண்டாகப் பயணிக்கும், ஒரு துண்டு ஒரு பொட்டலம்) ஆயிரத்துக்கு ஒன்று என்பவை மேல் எல்லைகள். வகுப்பு 5-இல் எந்த உறுதியும் இல்லை. வீட்டு இணைப்புகள் எல்லாம் நடைமுறையில் அந்தக் கடைசி வகுப்பைப் போலவே விற்கப்படுகின்றன: முடிந்தவரை முயல்வோம், வாக்குறுதி இல்லை.

தாமதத்தில் இன்னொரு நுணுக்கம் உண்டு. இணைப்பு சும்மா இருக்கும்போது அளந்தால் 10 மில்லிநொடி காட்டும். வீட்டில் யாராவது பெரிய கோப்பை மேலே ஏற்றத் தொடங்கினால் அதே இணைப்பு 800 காட்டும், வீடியோ அழைப்பு திக்கும். ரவுட்டரோ மோடமோ பொட்டலங்களை அளவுக்கு மீறி வரிசையில் நிறுத்தி வைப்பதால் வருவது இது. பஃபர்புளோட் என்று பெயர். கோடல் என்ற வரிசை மேலாண்மை முறை இதற்கு மருந்து, 2018-இல் அதற்கு ஆர்எஃப்சி ஆவணமும் வந்துவிட்டது. அது உள்ள ரவுட்டரை வைத்தாலே பல வீடுகளில் “நெட் ஸ்லோ” என்ற புகார் மறைந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். எனவே நிறுவனங்கள் தாமதத்தைச் சொல்வதென்றால் சுமையின்போது எவ்வளவு என்று சொல்ல வேண்டும் என்பது என் வாதம்.

பிசினஸ் பிளானுக்கான கூடுதல் கட்டணத்தில் பெரும்பகுதி போவது, அறுந்துபோகாது என்ற உறுதிக்கு. எஸ்எல்ஏ, அதாவது சேவைத் தர ஒப்பந்தம், என்று தருவார்கள். 99 சதவீதம் என்பது காதுக்கு இனிமையாக இருக்கும், முப்பது நாள் மாதத்தில் அது 7 மணி 12 நிமிடம் இணைப்பு இல்லாமல் போகலாம் என்ற அனுமதி. 99.9 என்றால் 43 நிமிடம். எண்ணைவிட அதன் அடியிலுள்ள சிறிய எழுத்துகளைப் படியுங்கள். திட்டமிட்ட பராமரிப்பு நேரம் கணக்கில் சேருமா, அளப்பது உங்கள் வீட்டு முனைவரையா அல்லது அவர்களுடைய நிலையத்தோடு நின்றுவிடுமா, தவறினால் என்ன கிடைக்கும். பெரும்பாலும் அடுத்த மாதக் கட்டணத்தில் சிறு கழிவுதான் கிடைக்கும். பழுது நீக்க எத்தனை மணி நேரம் என்று எழுதிக் கொடுக்கிறார்களா என்பதே எனக்கு உண்மையான வித்தியாசம்.

அரசுகள் எதுவும் செய்யவில்லையா என்றால், செய்திருக்கின்றன, பெரும்பாலும் வேகத்தின் பக்கம். அமெரிக்காவின் எஃப்சிசி என்ற தொலைத்தொடர்பு ஆணையம் பிராட்பேண்ட் என்று அழைக்க 2015-இல் இறக்கத்துக்கு 25, ஏற்றத்துக்கு 3 எம்பிபிஎஸ் என்று வைத்தது, 2024 மார்ச்சில் அதை 100-க்கும் 20-க்கும் உயர்த்தியது. இந்தியாவில் 512 கேபிபிஎஸ் என்றிருந்த வரையறை 2023-இல் 2 எம்பிபிஎஸ் ஆனது. ஒரே சொல், ஒன்று மற்றதைவிட ஐம்பது மடங்கு. அதனால் ‘பிராட்பேண்ட்’ என்ற பெயர் தரத்தைப் பற்றி எதையும் தனியாகச் சொல்லிவிடாது. எனக்கு மிகவும் பிடித்தது ஐரோப்பிய ஒன்றியத்தின் 2015/2120 ஒழுங்குமுறை. கம்பி இணைப்புக்கான ஒப்பந்தத்தில் குறைந்தபட்ச வேகம், வழக்கமாகக் கிடைக்கும் வேகம், அதிகபட்ச வேகம், விளம்பர வேகம் என்று நான்கையும், இறக்கத்துக்கும் ஏற்றத்துக்கும், எழுத வேண்டும் என்கிறது அது. அமெரிக்காவில் 2024-இலிருந்து உணவுப் பொட்டலத்தின் சத்து அட்டவணையைப் போல ஒரு விவரச் சீட்டை நிறுவனங்கள் காட்ட வேண்டும். வழக்கமான வேகமும் தாமதமும் டேட்டா அளவும் அதில் இருக்கும். இவ்வளவு நல்ல சீட்டிலும் முகவரி பொதுவானதா, பகிரப்பட்டதா என்பதற்கு ஒரு வரி கிடையாது. தரத்துக்குச் சீட்டு வந்துவிட்டது, வகைக்கு இன்னும் வரவில்லை.

இனி உங்கள் விஷயம். ‘பிசினஸ்’ என்ற பெயரை வைத்து நான் எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. சில நிறுவனங்களில் அது ஐந்தாம் வகை, சிலவற்றில் அதே இரண்டாம் வகையோடு வேகமான பழுதுபார்ப்பு மட்டும். எனவே இரண்டு பிளான்களைப் பற்றியும் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் ஒரே கேள்விகளை அனுப்புங்கள், பதிலும் எழுத்தில் வரட்டும். ஐபிவி4 முகவரி பொதுவானதா, சிஜிநாட்டுக்குப் பின்னால் உள்ளதா? ஐபிவி6 உண்டா, உள்ளே வரும் இணைப்பை நான் அனுமதித்துக்கொள்ள முடியுமா? எந்தப் போர்ட்டுகளைத் தடுக்கிறீர்கள்? பதிவேற்ற வேகம் எவ்வளவு? பழுது நீக்க எத்தனை மணி நேரம்? ஹோம் பிளானிலேயே பப்ளிக் ஐபி மட்டும் தனியாகச் சேர்த்துத் தருவீர்களா என்பதையும் கேளுங்கள். பல இடங்களில் சிறு கட்டணத்துக்குக் கிடைக்கும், விற்பனைப் பிரிவு தானாகச் சொல்லாது.

கிடைத்தாலும் நாஸ் பெட்டியின் நிர்வாகப் பக்கத்தை அப்படியே வெளியே திறந்துவிடாதீர்கள். 2022-இல் டெட்போல்ட் என்ற பணயத் தீநிரல் (கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேர்), இணையத்துக்கு நேராகத் திறந்திருந்த நாஸ் பெட்டிகளைத் தேடித் தேடிப் பூட்டியது. வீட்டில் வயர்கார்ட் போன்ற விபிஎன் ஒன்றை நிறுவி, அதற்கான ஒரே போர்ட்டை மட்டும் திறந்து, அதன் வழியாக உள்ளே வாருங்கள். பொது முகவரியே கிடைக்காத நிலையிலும் வழி உண்டு. வெளியே ஒரு சிறிய சர்வரை வாடகைக்கு எடுத்து, வீட்டிலிருந்து அதற்கு விபிஎன் இணைப்பை நிறுத்தி வைத்தால், நீங்களும் அந்த சர்வர் வழியாக வீட்டுக்குள் வரலாம். தொடர்பை வீட்டுப் பக்கம் தொடங்குவதால் சிஜிநாட் குறுக்கே நிற்காது. அப்படிச் செய்தால் மூன்று மடங்குக் கட்டணத்துக்கு மிஞ்சும் காரணங்கள் பதிவேற்ற வேகமும் பழுது நேரமும்தான். அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.